ஐந்து மணி நிழல்

2013 கோடை விடுமுறையில் ராஞ்சோ சேகோ ஏரிக்கரையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நாலு தமிழ்க் குடும்பம், ரெண்டு தெலுங்குக் குடும்பம், ஒரு பெரிய கூலர் நிறைய மோர். பிள்ளைகள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஏரிக்குப் பின்னால், சோளக்கொல்லை பொம்மை மாதிரி சம்பந்தமே இல்லாமல், இரண்டு பிரம்மாண்டமான கான்கிரீட் கோபுரங்கள். ஒவ்வொன்றும் 425 அடி உயரம். புகை இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை. "என்னது சார் இது, சிமெண்ட் ஃபேக்டரியா?" என்று கேட்டேன். பத்து வருடமாக அங்கே இருக்கும் சீனியர் ஒருவர் ஊறுகாயை நக்கிக்கொண்டே சொன்னார்: "அணு உலைப்பா. ஓட்டு போட்டு மூடிட்டாங்க."

ஓட்டு போட்டு அணு உலையை மூட முடியுமா என்பது எனக்குப் புதிதாக இருந்தது. கூடங்குளத்தில் நடந்துகொண்டிருந்ததை நியூஸில் பார்த்துவிட்டு வந்தவன் நான். வீட்டுக்குத் திரும்பியதும் படிக்க ஆரம்பித்தேன். அந்தக் கோபுரங்களில் தொடங்கிய கதை, நான் குடியிருந்த வாடகை வீட்டின் கொல்லையில், என் தோள் உயரத்துக்கு நின்ற ஒரு மரக்கன்றில் வந்து முடியும் என்று அப்போது தெரியாது.

சாக்ரமெண்டோ கலிஃபோர்னியாவின் தலைநகரம். சான் ஃபிரான்சிஸ்கோவின் குளிரை மனதில் வைத்துக்கொண்டு வந்து இறங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஜூலையில் 40 டிகிரி செல்சியஸ் சர்வ சாதாரணம். ஆனால் நம்மூர் வெயில் இல்லை. வியர்க்காது, உதடு வெடிக்கும். ராத்திரி ஆனால் வளைகுடாப் பக்கமிருந்து ஒரு காற்று வரும். டெல்டா காற்று என்பார்கள். அது வந்துவிட்டால் ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்கலாம். பிரச்சினை பகலில்கூட இல்லை, மாலை நான்கிலிருந்து ஏழு வரைதான். எங்கள் வீட்டுக் கொல்லை மேற்குப் பார்த்தது. ஹாலிலிருந்து கொல்லைக்குப் போக அகலமான கண்ணாடிக் கதவு. மர சட்டத்தில் அட்டையும் பூச்சும் அடித்த மெல்லிசான சுவர். ஐந்து மணிக்குச் சூரியன் சாய்ந்து நேராக வீட்டுக்குள் நடந்து வரும். திருச்சியில் இருக்கும் அப்பாவிடம் போனில் புலம்பினால், "மேக்கால ஒரு மரம் இல்லாத வீட்டுக்கு ஏண்டா போனே?" என்று கேட்டார். அமெரிக்காவில் வாடகை வீடு பார்க்கும் செயலியில் அப்படி ஒரு ஃபில்டர் இல்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது.

அந்த ஊர் மின்வாரியத்தை எல்லோரும் 'ஸ்மட்' என்பார்கள். தனியார் கம்பெனி இல்லை, மக்களுடையது. 1923இல் ஓட்டெடுப்பு நடத்தித் தொடங்கி, தனியார் கம்பெனியோடு வருடக்கணக்கில் வழக்காடி, 1946இன் கடைசி நாளில்தான் முதன்முதலாக மின்சாரம் கொடுத்தார்கள். அதன் இயக்குநர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ராஞ்சோ சேகோ இவர்கள் கட்டிய உலை. சுமார் 900 மெகாவாட். 1975இல் ஓட ஆரம்பித்தது. ஓடிய லட்சணத்தைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். 1978 மார்ச்சில் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு சின்ன விளக்கை மாற்றப் போன ஊழியரின் கையிலிருந்து பல்பு நழுவி உள்ளே விழுந்தது. ஷார்ட் சர்க்யூட். கருவிகள் தப்பான அளவு காட்ட, உலை நின்று, மளமளவென்று குளிர்ந்துபோனது. ஒரு பல்பு! புரொடக்‌ஷன் சர்வரில் ஒரு கமா விடுபட்டு மொத்த சிஸ்டமும் விழுந்ததைப் பார்த்தவன் என்பதால், அந்த ஊழியரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று என்னால் கற்பனை செய்ய முடிகிறது.

1985 டிசம்பர் 26ஆம் தேதி மறுபடியும் ஒரு கோளாறு. அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் உலை ஓடவில்லை. செலவு ஏற, கட்டணமும் ஏறியது. 1989 ஜூன் 6 அன்று மக்கள் வாக்களித்தார்கள். 53 சதவீதத்துக்குச் சற்று மேல், மூடு. மறுநாளே நிறுத்தினார்கள். ஓடிக்கொண்டிருந்த அணுமின் நிலையம் ஒன்றை அமெரிக்காவில் வாக்குச்சீட்டு மூடியது அதுதான் முதல்முறை.

மூடியாயிற்று. ஏசி ஓட வேண்டுமே?

1990இல் ஸ்மட்டின் பொது மேலாளராக வந்தவர் எஸ். டேவிட் ஃப்ரீமன். டென்னசியிலிருந்து வந்த பொறியாளர், பிறகு வக்கீல், கார்ட்டர் காலத்தில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் தலைவர். தலையில் எப்போதும் கவ்பாய் தொப்பி. அவருடைய அப்பா குடை ரிப்பேர் செய்கிறவர். இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். குடை ரிப்பேர்காரர் மகன் ஒரு ஊருக்கே நிழல் வாங்கிக்கொடுக்க வந்தார்.

ஃப்ரீமனுடைய வாதம் எளிமையானது. ஒரு மெகாவாட்டை உற்பத்தி செய்வதும் ஒரு மெகாவாட் தேவைப்படாமல் செய்வதும் மின்வாரியத்துக்கு ஒன்றுதான், இரண்டாவது மலிவு. மின் நிலையங்களை வாரியம் கட்டுவது சராசரி நாளுக்காக இல்லை. வருடத்தில் மிக வெப்பமான சில நாட்களில், மாலை சில மணி நேரம், ஊரே ஒரே சமயத்தில் வேலையிலிருந்து வந்து ஏசியைப் போடும். அந்தச் சில மணி நேரத்துக்காக நூறு கோடிக் கணக்கில் கொட்டி ஒரு நிலையத்தை வருடம் முழுக்கச் சும்மா வைத்திருக்க வேண்டும். நம் கல்யாண மண்டபக் கணக்குதான். ஆகவே மாலை ஐந்து மணிக்கு மேற்குச் சுவரில் விழும் நிழலுக்கு, மற்ற எந்த நிழலுக்கும் இல்லாத விலை உண்டு.

அப்படித்தான் 1990இல் சாக்ரமெண்டோ நிழல் திட்டம் தொடங்கியது. 1982 முதலே அந்த ஊரில் மரம் நட்டுக்கொண்டிருந்த சாக்ரமெண்டோ மர அறக்கட்டளை என்ற அமைப்போடு மின்வாரியம் கை கோத்தது. வாரியம் பணம் கொடுக்கும். அறக்கட்டளையின் ஆள் வீட்டுக்கு வந்து, திசை பார்த்து, எந்த மரம், சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி என்று குறித்துக் கொடுப்பார். கன்று, முட்டுக்கம்பு, உரம் எல்லாம் இலவசம். குழி வெட்டி நடுவது வீட்டுக்காரர் பொறுப்பு. ஒரு வீட்டுக்குப் பத்து மரம் வரை. இன்றுவரை ஐந்து லட்சத்துக்கும் மேல் கொடுத்துவிட்டார்கள். இலை உதிர்க்கும் ஜாதிகளாகப் பார்த்துத்தான் பெரும்பாலும் கொடுப்பது. கோடையில் மறைக்கும், குளிர்காலத்தில் மொட்டையாக நின்று வெயிலை உள்ளே விடும். ஒரு ரூபாய் மின்சாரம் செலவழிக்காத ஆட்டோமேட்டிக் திரைச்சீலை.

யோசனை திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அந்தப் பக்கத்து ஊர்கள் இதையே யோசித்துக்கொண்டிருந்தன. இருபது கிலோமீட்டர் தள்ளி டேவிஸ் என்ற கல்லூரி நகரம். ஜன்னல் எவ்வளவு பெரிது, அதற்கு நிழல் உண்டா என்றெல்லாம் கேட்கும் கட்டட விதியை 1975இலேயே கொண்டுவந்த ஊர். அங்கே மைக்கேல் கார்பெட், ஜூடி கார்பெட் தம்பதி 'வில்லேஜ் ஹோம்ஸ்' என்று ஒரு குடியிருப்பைக் கட்டினார்கள். தெருக்களை வேண்டுமென்றே குறுகலாக வைத்தார்கள், இரண்டு பக்க மரமும் நடுவில் கைகோத்துக்கொள்ளட்டும் என்று. நான் ஒரு சனிக்கிழமை சைக்கிளில் சுற்றி வந்தேன். பழமரங்களுக்கு நடுவே, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு அக்ரஹாரத்தின் பின்கட்டில் நடப்பது போலத்தான் இருந்தது. விலை கேட்டால் மட்டும் அமெரிக்கா ஞாபகம் வரும்.

சரி, மரம் உண்மையிலேயே ஏசி பில்லைக் குறைக்குமா? பாட்டி சொல்வதை நம்பலாம். ஒரு மின்வாரியம் பணம் போட வேண்டுமென்றால் அளவு வேண்டும். இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த பரிசோதனை வருகிறது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் ஹாஷெம் அக்பரியும் கூட்டாளிகளும் 1990களின் தொடக்கத்தில் சாக்ரமெண்டோவில் இரண்டு வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். தொட்டியில் வளர்ந்த மரங்கள், பெரியது எட்டு, சிறியது எட்டு. அவற்றை ஒரு வீட்டைச் சுற்றி வைத்துச் சில வாரம் அளந்தார்கள். பிறகு பதினாறு மரங்களையும் தூக்கி அடுத்த வீட்டில் வைத்து அளந்தார்கள். நாங்கள் வெப்சைட் பட்டன் சிவப்பா பச்சையா என்று பார்க்க ஏ/பி டெஸ்ட் செய்வோமே, அது மரத்தை வைத்து. மரம் சீர்வரிசை மாதிரி வீட்டுக்கு வீடு போவதை நினைத்துப் பாருங்கள். குளிரூட்டச் செலவான மின்சாரத்தில் 30 சதவீதம் குறைந்தது. உச்ச நேரத் தேவை ஒரு வீட்டுக்கு 0.6 முதல் 0.8 கிலோவாட் வரை இறங்கியது.

இதை வைத்து நான் ஒரு கணக்குப் போட்டேன். வீட்டுக்கு 0.7 கிலோவாட் என்றால் 900 மெகாவாட்டை ஈடுகட்டப் பதிமூன்று லட்சம் வீடு வேண்டும், ஒவ்வொன்றிலும் பதினாறு மரத்தோடு. ஆகாத காரியம். 'அணு உலையை மூடிவிட்டு மரம் நட்டார்கள்' என்று வாட்ஸப்பில் சுற்றவிடத் தோதான வாக்கியம் பாதி உண்மைதான். ஃப்ரீமனும் மரத்தை மட்டும் நம்பவில்லை. பழைய ஃபிரிட்ஜ்களை வாங்கிக்கொண்டார்கள், எரிவாயு நிலையங்கள் கட்டினார்கள், காற்றாலை வைத்தார்கள், வெளியிலிருந்து வாங்கினார்கள். மரம் அந்தப் பட்டியலில் ஒன்று. ஆனால் வாங்கிய அன்றிலிருந்து மதிப்பு குறையாமல் வருடத்துக்கு வருடம் திறன் கூடும் சாதனம் அந்தப் பட்டியலில் அது மட்டும்தான்.

தொட்டி மரம் சரி, தரையில் நிற்கும் மரம்? 2009இல் ஜெஃப்ரி டோனவன், டேவிட் பட்ரி என்ற இருவர் சாக்ரமெண்டோவில் 460 வீடுகளின் நிஜமான கரண்ட் பில்லை எடுத்து, எந்தத் திசையில் மரம் இருக்கிறது என்பதோடு ஒப்பிட்டு வெளியிட்டார்கள். மேற்கிலும் தெற்கிலும் மரம் இருந்த வீடுகளில் கோடைக்கால மின்சாரம் 5 சதவீதம் அளவுக்குக் குறைவு. சுமார் 185 யூனிட். முப்பது எங்கே, ஐந்து எங்கே! ஆய்வகத்துக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தூரம் அது. இன்னொன்றும் கண்டார்கள். வடக்கே மரம் இருந்த வீடுகளில் பில் கொஞ்சம் கூடியிருந்தது. அந்த அட்சரேகையில் வடக்கு மரம் சுவரில் நிழல் போடாது, காற்றை வேண்டுமானால் மறைக்கும்.

இதை அப்படியே திருச்சிக்கு காப்பி-பேஸ்ட் செய்ய முடியாது, கவனம். சாக்ரமெண்டோ இருப்பது 38 டிகிரி வடக்கில். சூரியன் அங்கே ஒருநாளும் உச்சந்தலைக்கு வராது, எப்போதும் தெற்கேதான் சாய்ந்திருக்கும். நம் ஊரில் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை மதியச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். கத்திரி வெயிலில் நம் வடக்குச் சுவரும் சுடும். தெற்கு மரத்தால் அப்போது பெரிய லாபம் இல்லை. தவிர நமக்கு வில்லன் சுவரைவிட மொட்டைமாடி. நேர் மேலே அடிக்கிற வெயிலுக்குப் பக்கவாட்டு மரம் என்ன செய்யும்? கூரைமேல் கவிகிற அளவுக்கு வளர்ந்தால்தான் உண்டு. இரண்டு ஊருக்கும் பொதுவான விதி ஒன்றுதான் மிச்சம்: மேற்கு. அப்பா போனில் சொன்னது.

எங்கள் வாடகை வீட்டுக் கொல்லையில் வேலியோரம் ஒரு கன்று நின்றது என்றேன் அல்லவா. சீனப் பிஸ்தா. பிஸ்தா என்றதும் என் மனைவிக்கு ஏக சந்தோஷம். அது தின்கிற பிஸ்தா இல்லை என்று தெரிந்ததும் வெறும் மரமாகிவிட்டது. இலையுதிர்காலத்தில் மட்டும் குங்குமமாகச் சிவக்கும். முட்டுக்கம்பில் மர அறக்கட்டளையின் அட்டை வெயிலில் வெளுத்துத் தொங்கியது. எங்களுக்கு முன்னால் இருந்த குடித்தனக்காரர்கள் வாங்கி நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சரியாகக் கண்ணாடிக் கதவுக்கு நேர் மேற்கே. யாரோ திசை பார்த்துக் குறித்துக் கொடுத்த இடம். அதற்குத் தனியாகத் தண்ணீர்க் குழாய் இல்லை. புல்தரைக்கு ஸ்பிரிங்ளர் அடிக்கும்போது கூடவே குடித்துக்கொள்ளும்.

2015 ஏப்ரல் 1. கலிஃபோர்னியா நான்காவது வருடமாக வறட்சியில் இருந்தது. கவர்னர் ஜெர்ரி பிரவுன் சியரா மலையில், அந்தத் தேதிக்கு ஐந்து அடி பனி கிடக்க வேண்டிய ஒரு புல்வெளியில், காய்ந்த தரையில் நின்றுகொண்டு நகரங்கள் 25 சதவீதம் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். வீட்டு உரிமையாளரிடமிருந்து மெசேஜ் வந்தது, ஸ்பிரிங்ளரை அணைத்துவிடுங்கள் என்று. சந்தோஷமாக அணைத்தேன். தெருவே புல்லைக் காயவிட்டது; பழுப்புப் புல்வெளி அந்த வருடம் ஊரில் ஒரு கௌரவம். சென்னைக்காரத் தண்ணீர் லாரி அனுபவம் உள்ள எனக்கு, புல்லுக்குத் தண்ணீர் விடுவதே அதுவரை பாவமாகத்தான் பட்டிருந்தது.

புல் போனால் திரும்ப வரும். கன்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. ஜூன் கடைசியில் இலை ஓரம் கருகியது. இந்த மரம் இலையை உதிர்க்கிற ஜாதிதானே என்று ஒரு அரைகுறை அறிவு. ஆகஸ்டில் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு மேற்கே, ஒரு பெரியவர் தனியாக இருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருடைய கொல்லையிலும் வேலியோரம் அதே திட்டத்தில் வாங்கிய மரம் ஒன்று, எங்களுடையதைவிட ஒரு ஆள் உயரம் கூடுதல். தினமும் காலையில் ஷவரில் சுடுதண்ணீர் வரும்வரை வீணாகும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து, இரண்டு கையிலும் தூக்கிவந்து அதன் அடியில் ஊற்றுவார். நான் காபியோடு நின்று எத்தனையோ நாள் அதைப் பார்த்திருக்கிறேன். வயசானவர், பொழுது போகிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் மரம் போனதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "நீங்க எத்தனை வருஷம் இருக்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார். ஹெச்1பி மூன்று வருட நீட்டிப்பு, லீஸ் ஒரு வருடம். "தெரியல" என்றேன்.

பிறகுதான் லாரா ரோமன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2014இல் வெளியிட்டிருந்த ஆய்வைப் படித்தேன். அதே நிழல் திட்டத்தில் கொடுத்த மரங்களை ஐந்து வருடம் பின்தொடர்ந்து, எது பிழைத்தது, எது செத்தது என்று எண்ணியிருக்கிறார்கள். வாங்கியவர்களில் சிலர் நடவே இல்லை. நட்டவற்றில் பத்தில் மூன்று ஐந்து வருடத்துக்குள் போய்விட்டது. பிழைத்தது எங்கே என்று பார்த்தால், பராமரிப்பு இருந்த இடத்தில், வீடு கைமாறாமல் ஒரே உரிமையாளர் தங்கியிருந்த இடத்தில். திட்டத்தின் ஆரம்ப கால மரங்களை 22 வருடம் கழித்து எண்ணிப் பார்த்த இன்னொரு ஆய்வில் உயிரோடு இருந்தவை பாதிக்கும் குறைவு. எதிர்பார்த்த மின்சேமிப்பும் அதற்குத் தக்கபடி சுருங்கியது.

படித்துக்கொண்டிருக்கும்போதே முகம் சூடானது. ஆய்வுக் கட்டுரையில் நம்மை நாமே சந்திப்பது அபூர்வம். வருடா வருடம் வீடு மாற்றுகிற, எந்த ஊரிலும் குழி வெட்ட மனம் வராத என்னை மாதிரி ஆட்களைத்தான் அந்த அட்டவணை பேசிக்கொண்டிருந்தது. 1990இல் திட்டம் போட்டவர்கள் இலைப் பரப்பு, சூரியக் கோணம், வளரும் வேகம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தார்கள். குடித்தனக்காரன் நாளைக்கு இருப்பானா என்பது அந்தச் சமன்பாட்டின் பெரிய மாறி என்று தெரிய இருபது வருடம் ஆகியிருக்கிறது.

மரத்துக்கு இப்போது போட்டியும் உண்டு. சோலார் பேனல். கலிஃபோர்னியாவில் 1978லேயே, பக்கத்து வீட்டுப் பேனல்மேல் நிழல் விழும்படி மரம் வளர்ப்பதைக் குற்றமாக்கும் சட்டம் வந்துவிட்டது. 2008இல் சன்னிவேல் நகரில் ஒரு தம்பதியின் செம்மரங்கள் அந்தச் சட்டத்தில் மாட்டி இரண்டை வெட்ட வேண்டி வந்தது. வேடிக்கை என்னவென்றால், பேனல் வருவதற்கு முன்பே நட்ட மரங்கள் அவை. அதற்குப் பிறகுதான், பேனலுக்கு முந்தி நட்ட மரத்துக்கு விலக்கு என்று சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் சாக்ரமெண்டோவில் இன்று மின்சாரம் அதிக விலைக்கு விற்கும் நேரம் மாலை 5 முதல் 8. பேனல் களைத்துப்போகிற, மேற்கு மரத்தின் நிழல் முழுசாக நீண்டு படுக்கிற அதே நேரம். இரண்டும் எதிரிகள் இல்லை. ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள வேண்டியவை.

2016இல் ஊர் திரும்பினோம். கிளம்புவதற்கு முந்தின வாரம், உரிமையாளர் அனுப்பிய ஆள் வந்து காய்ந்த கன்றைப் பிடுங்கி, குழியை மூடி, கொல்லை முழுக்கச் சரளைக்கல் கொட்டிவிட்டுப் போனார். தண்ணீர் வேண்டாத தோட்டம். அந்தக் கடைசி ஜூலை பில் 200 டாலரைத் தாண்டியது. சரளைக்கல் மாலையில் அடுப்பு மாதிரி காந்தும். கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் அலுமினியத் தாளை ஒட்டிக் கடைசி மாதத்தை ஓட்டினோம்.

போன வருடம், இன்னும் அங்கேயே இருக்கும் நண்பன் அந்தத் தெரு வழியாகப் போயிருக்கிறான். வீடியோ கால் போட்டுக் காட்டினான். எங்கள் வீட்டில் யாரோ ஒரு குஜராத்திக் குடும்பம்; கொல்லையில் அதே சரளைக்கல், ஒரு ஊஞ்சல். பெரியவர் இருக்கிறாரா என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை, கதவு சாத்தியிருந்தது. மரம் மட்டும் வேலிக்கு மேலே இரண்டு மாடி உயரத்துக்கு நின்றது. அவருக்கு அது கிழக்கு மரம். காலை வெயிலை மறைக்கும், அவ்வளவுதான். சாயங்காலம் அவர் சுவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அங்கே அப்போது மணி ஐந்தே முக்கால். "இங்க பாரு, உங்க ஹால்ல ஸ்கிரீனே போடல" என்று நண்பன் போனைத் திருப்பினான். வேலியைத் தாண்டி, சரளைக்கல்லைத் தாண்டி, அந்த மரத்தின் நிழல் எங்கள் கண்ணாடிக் கதவின்மேல் முழுக்க ஏறியிருந்தது.